பஞ்சும் பாலும்

செல்போனைத் துவைகல் மேல் சோப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு இசக்கிச்செல்வி பேசிக்கொண்டிருந்தாள். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக முகங்கள். முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கிறவர்களும் பயிற்சி கொடுக்கிற ஆசிரியர்களும் சனிக்கிழமை மத்தியானம் ஆன்லைனில் கூடுகிற குழு அது. வாரம் ஒருத்தர், தான் பார்த்துக்கொள்கிற ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லர்புரம் இல்லத்தில் அவள் பார்க்கிற யாரைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

“விழுங்க முடியலை டீச்சர். வாய்வழியா எதுவும் கொடுக்கிறதில்லை. பஞ்சை நனைச்சு உதட்டை மட்டும் துடைக்கேன். ஒருச்சாய்ச்சே படுக்க வச்சிருக்கேன்.”

“வீட்ல மத்தவங்க ஒத்துக்கிட்டாங்களா?” என்றாள் பெனிஷா டீச்சர்.

அதுதான் காலையிலிருந்து நடக்கிற சண்டை. அப்பாவின் தங்கை பிச்சம்மாள் வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாள்.

“ஏளா, உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. மவன் கையால பால் ஊத்தாம எப்படிப் போவும்?”

“மூச்சுக்குழல்ல போயிரும் அத்தை. மூச்சு முட்டித்தான் சாவாவ.”

“எத்தனை பேருக்கு ஊத்தியிருக்கோம்! ஊத்தினதும் நிம்மதியாத்தான போனாவ?”

ஊத்தினதுனாலதான் போனாவ என்று இசக்கிச்செல்விக்கு வாய்வரை வந்தது. அப்பாவின் முதுகுக்கு அண்டக்கொடுத்திருந்த தலையணையை இறுக்கி வைத்தாள்.

தம்பி முத்துச்செல்வம் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். தன் கல்யாண விஷயத்தில் அப்பாவோடு பேச்சு நின்று வருஷக்கணக்காகியிருந்தது. விடிந்ததும் வீட்டுக்கு வந்தவன், அப்பாவின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தான். “நான் வார வரைக்கும் ஒண்ணும் கொடுத்திராதடே” என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் கொல்லைக்கு வந்தாள். அவன் தலையாட்டினான்.

“தம்பி ஒத்துக்கிட்டான் டீச்சர்” என்று சொல்லும்போது உள்ளே இருமல் கேட்டது. களகளவென்று, ஈரமாக. இல்லத்தில் கஞ்சி புரையேறியவர்கள் இருமுகிற இருமல்.

ஓடினாள். தலையணையை உருவி அப்பாவை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். அவரைப் புரட்டினாள், முதுகில் தட்டினாள், வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். மூக்கிலிருந்து பால் வந்தது. நெஞ்சு ஒரு முறை ஏறியது. பிறகு ஏறவில்லை.

“குடிச்சாவக்கா” என்றான் முத்துச்செல்வம். கன்னமெல்லாம் கண்ணீர், ஆனாலும் முகம் தெளிந்திருந்தது. “தொண்டை அசைஞ்சுது, பாத்தேன். எம் மேல கோவம் இல்லன்னுதான அர்த்தம்?”

“பின்ன? மவன் கையால வாங்கிக்கிட்டுல்லா போயிருக்காவ எங்க அண்ணன்!” பிச்சம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள்.

இசக்கிச்செல்வி வாயைத் திறந்தாள். அவன் கையில் கரண்டி இன்னும் இருந்தது. மிச்சப் பாலைச் சிந்தாமல் மட்டமாகப் பிடித்திருந்தான்.

கொல்லையிலிருந்து குரல் வந்தது. “இசக்கிச்செல்வி, லைன்ல இருக்கீங்களா? என்னாச்சு?”

போய் போனை எடுத்தாள். அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா போயிட்டாங்க டீச்சர்.”

“எப்படிம்மா?”

“அமைதியாத்தான்.”

இருமல் அவர்களுக்கும் கேட்டிருக்கும். அவள் போனை அணைத்தாள்.

திரும்பி வந்தபோது அப்பாவின் கடைவாயில் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. முகத்தை ஒருபக்கமாகச் சாய்த்துக் கன்னத்துக்கடியில் துண்டை வைத்தாள். பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தாள்.

“என்னக்கா அது?”

“எச்சிதான். தள்ளி உக்காரு.”

துண்டின் ஈரப்பக்கம் உள்ளே போகும்படி மடித்தாள். இன்னும் வந்துகொண்டிருந்தது. மறுபடியும் மடித்தாள்.