வீரமணியின் முறை

“ஊதக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்க” என்று சொல்லிக்கொண்டேதான் பானுமதி தன் வீட்டுக்காரரின் கழுத்தில் சாக்ஸபோன் பெல்ட்டை மாட்டிவிட்டாள். வாய் தன்பாட்டுக்குத் திட்டியது, கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. நாற்பது வருசக் குடித்தனம் அப்படித்தான் ஓடியிருந்தது.

தக்காளி ஷெட்டில் போட்ட நாற்காலியில், இரண்டு தலையணைக்கு நடுவே வீரமணி சாய்ந்திருந்தார். இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது, இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று தர்மபுரி ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பிப் பத்து நாளாகிறது. வந்த அன்றே அவர் கூட்டாளி இத்ரீஸுக்குப் போன் போட்டுவிட்டார்.

“ஊதாம ஒரு மாசம் கெடக்கறதுக்கு, ஊதிட்டு ஒரு நாள் இருந்தாப் போதும் பானு.”

“உங்களுக்குப் போதும். எனக்கு?”

அவர் சாக்ஸபோனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு திருட்டுமுழி முழித்தார். அந்த முழியைப் பார்த்துத்தான் அவள் இறங்கி வந்தாள். “ஒரே ஒரு பாட்டு. அவ்வளவுதான்.”

இத்ரீஸும் வீரமணியும் மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் பேண்டு செட்டோடு சாக்ஸபோன் வாசித்தவர்கள். நடுவில் இரண்டு வருசம் பெங்களூரில் ஒரு ஓட்டலுக்கு வாசிக்கப் போனார்கள். போன இடத்தில் ஜாஸ் பிடித்துக்கொண்டது, அப்புறம் விடவே இல்லை. ஊருக்குக் கல்யாணப் பாட்டு, தங்களுக்கு ஜாஸ் என்று ஞாயிறுதோறும் இந்த ஷெட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். “பாட்டா இது? ரெண்டு எருமை முட்டிக்கற மாதிரி இருக்குது” என்பாள் பானுமதி. ஒரு ஞாயிறு சத்தம் கேட்கவில்லை என்றால் எட்டிப் பார்ப்பதும் அவள்தான்.

இத்தனை வருசத்தில் ஒன்றைக்கூடப் பதிவு செய்ததில்லை. பெங்களூரில் ரெகார்டிங் வேலை பார்க்கும் இத்ரீஸின் மகள் அன்ஜும் இன்றைக்கு இரண்டு மைக்கோடு வந்திருந்தாள். எதிரெதிரே உட்கார்ந்த இருவருக்கும் ஆளுக்கொன்றாக நிறுத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையசைத்தாள்.

நாலு தாளச் சுற்று ஒருவர், அடுத்த நாலு சுற்று மற்றவர். இதுதான் அவர்கள் வாசிக்கும் விதம். ஒருவர் முறையில் இன்னொருவர் வாய் வைக்க மாட்டார். வீரமணிக்கு மட்டும் ஒரு குறும்பு உண்டு. சில நேரம் தன் முறையை வேண்டுமென்றே காலியாக விட்டுவிடுவார். இத்ரீஸ் காலால் தாளம் தட்டிக் காத்திருந்து, அந்த மௌனத்துக்கே பதில் வாசிப்பார். “சும்மா இருந்தாலும் அதுவும் அவன் வாசிச்சதுதான்” என்பார் கேட்டால்.

முதல் முறையில் வீரமணிக்குக் காற்றுதான் வந்தது. இரண்டாவதில் இருமல் குறுக்கிட்டது. மூன்றாவதில் மனுசன் எழுந்துவிட்டார். உட்கார்ந்தபடியேதான், ஆனால் எழுந்துவிட்டார். கன்னம் உப்பி, புருவம் ஏறி, இளவட்டமாய் ஆகிவிட்டது முகம். வாசலில் நின்ற பானுமதிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அந்த டாக்டர் கிடக்கிறார் என்றுகூட நினைத்தாள்.

ஏழாவதோ எட்டாவதோ, வீரமணியின் முறையில் ஒன்றும் வரவில்லை. இத்ரீஸ் கண்ணை மூடியபடி தாளம் தட்டினார், தன் முறை வந்ததும் வாசித்தார். மறுபடியும் அந்தப் பக்கம் மௌனம். மாப்பிள்ளை விளையாடுகிறான் என்று இத்ரீஸ் சிரித்துக்கொண்டார்.

பானுமதி பார்த்துவிட்டாள். மவுத்பீஸ் உதட்டிலிருந்து நழுவியிருந்தது, மோவாய் நெஞ்சில் இறங்கியிருந்தது. கிட்டே போய் மூக்கருகே விரல் வைத்தாள். நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். ஒன்றுமில்லை. அன்ஜும் பதறி எழப் போனாள். பானுமதி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பத்து நாளாக ஊதாதீங்க ஊதாதீங்க என்று கத்தியவள் அவள். இப்போது ஒரு வார்த்தை போதும், வாசிப்பு நின்றுவிடும். அந்த வார்த்தைக்கு அவளுக்கு மனசு வரவில்லை. நாற்பது வருசத்தில் இத்ரீஸ் இப்படி வாசித்து அவள் கேட்டதில்லை. ஒவ்வொரு மௌனத்துக்கும் ஒவ்வொரு பதில். கேலி, சண்டை, அப்புறம் என்னவோ ஒரு கெஞ்சல். அவர் முடிக்கும்வரை சாக்ஸபோன் கீழே விழாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன மாப்ள, கடைசில என்னையவே முடிக்க வெச்சிட்ட...” என்று கண்ணைத் திறந்த இத்ரீஸ், பானுமதி தாங்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தார். தன் சாக்ஸபோனைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“எப்பம்மா?”

“நாலஞ்சு முறைக்கு முந்தியேங்கண்ணா.”

“ஒரு வார்த்த சொல்லக் கூடாதா தங்கச்சி?”

“சொன்னா நிறுத்தியிருப்பீங்க.”

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள், நன்றாகவே அழுதாள்.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து சொந்தபந்தங்கள் போன பிறகு, அன்ஜும் ஷெட்டில் லேப்டாப்பைத் திறந்து பதிவைப் போட்டாள். வீரமணி இருமினார், ஊதினார், பறந்தார். பிறகு அவருடைய முறை காலியானது. தூரத்தில் மோட்டார் ஓடியது, ஒரு கோழி கொக்கரித்தது. அதற்குள்ளே மெல்ல மெல்லக் கிட்டே வந்தது கண்ணாடி வளையல் சத்தம்.

அன்ஜும் நிறுத்தினாள். “அத்தை, நீங்க நடந்து வந்தது விழுந்திருக்குது. எடுத்துடட்டுமா?”

“வேணாம்மா” என்றார் இத்ரீஸ். “அது அவன் முறை. யாரு வாசிச்சா என்ன?”

பானுமதி வெறுங்கை இரண்டையும் மடியில் வைத்திருந்தாள்.

“அந்த எடத்த மட்டும் இன்னொருக்காப் போடு கண்ணு” என்றாள்.