ரஸீன் கடையின் இடப்பக்க அடுக்கு

பத்மாதேவிக்குத் தெரிந்த மட்டில், காய்ச்சலைச் சுகப்படுத்துவது சின்ன வேலை. காய்ச்சல்காரரை எண்ணுவதுதான் பெரிய வேலை.

தெல்தெனியவுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர் தாதி. ஊர் யாழ்ப்பாணம். ஒரு வருஷமாகக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, இன்ஃபுளுவன்சாக் கணக்கு எடுக்கும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் தன்னுடையதையும் சேர்க்க வைத்தவர் அவர்தான். பத்து நாளுக்குள் தொடங்கிய இருமலும் முப்பத்தெட்டுப் பாகைக் காய்ச்சலும் உள்ளவர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று வாராவாரம் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அவர்களில் சிலருடைய மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அதையும் அனுப்ப வேண்டும். எண்ணிக்கை எங்கே ஏறுகிறதோ அங்கே கொழும்பு முன்கூட்டியே மருந்து அனுப்பும்.

குச்சியால்தான் வந்தது வினை. கொரோனாக் காலத்துக் குச்சியை இந்தப் பக்கத்தார் இன்னும் மன்னிக்கவில்லை. கூரை அதிர இருமிக்கொண்டே வந்து, "முழங்கால் நோவு மட்டுந்தான் மிஸ்" என்று சத்தியம் செய்தார்கள். முதல் மூன்று வாரமும் பத்மாதேவி அனுப்பிய கணக்கு சைபர்.

கொழும்பில் இந்தக் கணக்குகளுக்குப் பொறுப்பான டொக்டர் ஜனார்த்தனன் போன் எடுத்தார். "கண்டி முழுக்க இருமுது. உங்கட இடத்தில மட்டும் ஒருத்தருக்கும் இல்லையோ? இப்பிடியே போனா உங்கள பட்டியல்ல இருந்து எடுக்க வேண்டி வரும்."

மறுநாளே மூன்று மொழியிலும் பத்மாதேவியின் அறிவித்தல் ஒன்று தொங்கியது: காய்ச்சலும் இருமலும் உள்ளவர்கள் வரிசையில் நிற்கத் தேவையில்லை, இளஞ்சிவப்பு அட்டை பெற்று நேரே டொக்டரிடம் போகலாம்.

விடியற்காலையிலேயே வரிசை பிடிக்கும் சனத்திடம் இப்படி ஒரு அறிவித்தலைக் காட்டலாமா? மூக்கு போனால் போகட்டும், பன்னிரண்டு மணி பஸ் போகக் கூடாது என்று ஊர் முடிவெடுத்தது. மஸீனா என்ற ஐம்பது வயதுப் பெண், பொல்லை ஊன்றி நொண்டி நொண்டி வந்து, பூனை தும்முவது போல இருமிக் காட்டினார்.

"உங்களுக்கு முழங்கால் வருத்தமெல்லோ?" என்றார் பத்மாதேவி.

"முழங்காலுக்கும் சேத்துத்தான் காச்சல் மிஸ்."

நெற்றியில் பிடிக்கும் கருவிக்குப் பற்றரி கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆகவே வாயில் வைக்கும் தெர்மோமீட்டர்தான். வைத்துப் பார்த்தால் முப்பத்தெட்டு தசம் நான்கு. ஆள் பொய் சொல்லலாம், இலக்கம் பொய் சொல்லாது என்பது பத்மாதேவியின் இருபது வருஷ வேதவாக்கு. அட்டையைக் கொடுத்தார்.

அந்த வாரக் கணக்கைப் பார்த்ததும் ஜனார்த்தனனின் குரலே மாறிப்போனது. "நூற்றுக்கு அறுபத்தொண்டோ? நாளைக்குக் காலமை நாங்கள் வாறம். பள்ளிக்கூடங்கள மூடுறதப் பற்றியும் இஞ்ச கதைக்கினம்."

பத்மாதேவிக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன. பிளேன்டீ குடிக்க றோட்டைக் கடந்து, எதிரே இருந்த ரஸீனின் தேநீர்க் கடைக்குப் போனார். உள்ளே காலடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டுப் பேர் கொதிக்கக் கொதிக்க இஞ்சித் தேநீரை வாயில் அடக்கிக்கொண்டு, கன்னம் உப்ப, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மஸீனா. மிஸ்ஸைக் கண்டதும் வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், பொல்லை மறந்து ஓடினார்.

"கோவிச்சிக்க வாணாம் மிஸ்," என்றார் ரஸீன். "நான் ஒண்டும் செல்லிக் குடுக்கல்ல. அவங்களாத்தான் கண்டு புடிச்ச."

பத்மாதேவி கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் பட்டியலில் இடம் போய்விடும். சொல்லாவிட்டால், நிசமாகவே காய்ச்சலில் கிடக்கும் வேறொரு ஊரின் மருந்து இந்த இஞ்சித் தேநீர்க்காரருக்கு வந்து சேரும். கண் கலங்கிவிட்டது. "காய்ச்சல் இருக்கோ இல்லையோ எண்டே தெரியாமப் போச்சே, ரஸீன்."

"ஈக்கி மிஸ். எனக்குத் தெரியுமே." ரஸீன் இடப்பக்க அடுக்கைக் காட்டினார். அங்கே பாதி குடித்த கிளாஸ்கள் வரிசையாக நின்றன. "மெய்யாக் காச்சல்காரனுக்கு என்ட டீ ருசிக்காது. ரெண்டு மொடக்குல வச்சிட்டுப் போவான். என்ட டீய வீணாக்கினவன் எத்தின பேருண்டு பாக்கத்தான் தனியா அடுக்குற. போன கெழம நாளைக்கு ரெண்டு, மூணு. இண்டைக்கு பகலைக்குள்ளயே ஏழு."

மறுநாள் ஜனார்த்தனன் வாகனத்திலிருந்து இறங்கி வாயைத் திறப்பதற்கு முன்பே, பத்மாதேவி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அட்டை, இஞ்சித் தேநீர், கிளாஸ் எல்லாம்.

ஜனார்த்தனன் ரஸீன் கடைக்குள் போய் அடுக்கைப் பார்த்தார். "நீங்க அனுப்பின மாதிரியின்ர முடிவு நேற்று இரவுதான் வந்தது. நாப்பதில மூண்டிலதான் கிருமி இருந்தது. ஏனெண்டு விளங்காமத்தான் வந்தனாங்கள்," என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "பாதிக் கிளாஸெண்டு நான் அறிக்கையில எழுதேலாது, பத்மாதேவி. ஒரு கிழமை தாறன். சரியான கணக்கு வேணும். ஒண்டு கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

இளஞ்சிவப்பு அட்டை குப்பைக்குப் போனது. தெர்மோமீட்டர் வாயிலிருந்து கைக்கு அடியில், கமக்கட்டுக்கு இடம் மாறியது. வெள்ளிக்கிழமை பகல், ஒவ்வொருவராகப் பார்த்து எடுத்த கணக்கு முப்பத்தொன்று. போனில் சொல்வதற்கு முன் ஒரு பிளேன்டீ குடிக்கலாம் என்று பத்மாதேவி ரஸீன் கடைக்குப் போனார். காலையிலிருந்தே உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தது. இருமலும் இருந்தது. தூசி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு மிடறு குடித்தார், தேநீரில் ஒரு ருசியும் இல்லை. வைத்துவிட்டு எழுந்தார்.

ரஸீன் கிளாஸை எடுத்து இடப்பக்க அடுக்கில் வைத்தார்.

பத்மாதேவி அதைப் பார்த்தார். இருபது வருஷத்தில் அவர் தன்னை ஒரு நாளும் எண்ணியதில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், நோயாளிகளின் கதிரையில் உட்கார்ந்து, உதவித் தாதி இன்ஷிராவிடம் கையைத் தூக்கிக் காட்டினார். முப்பத்தெட்டு தசம் மூன்று. இன்ஷிரா தயங்கித் தயங்கிக் குச்சியை எடுத்தாள்.

பக்கத்து வரிசையில் பொல்லோடு நின்ற மஸீனாவுக்கு மனம் தாங்கவில்லை. குனிந்து மிஸ்ஸின் காதருகே சொன்னார்:

"முழங்கால் நோவுண்டு செல்லுங்க மிஸ். உட்டுருவாங்க."

பத்மாதேவி கண்ணை இறுக மூடி, மூக்கை நிமிர்த்தினார். அந்த வாரம் கொழும்புக்குப் போன கணக்கு முப்பத்திரண்டு.