வேறு ஊர் ஆஸ்பத்திரி

மகள் விஷயத்தைச் சொன்னபோது தையல்காரி ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாள் தள்ளிப் போயிருக்கும்மா. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். அவன்கிட்டயும் பேசியாச்சு. எனக்கு இது வேணாம். நம்ம ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."

தையல்காரி நூலைப் பல்லால் கடித்தாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி: "யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

'நம்ம ஆஸ்பத்திரி' என்று மகள் சொன்னதில் தப்பே இல்லை. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, கலைக்க வழி தெரியாமல் எதையோ விழுங்கிச் செத்துப்போன பிறகு, மிஷினை மூடி வைத்துவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள் தையல்காரிதான். பெண் டாக்டர் வேண்டுமென்று ஆஸ்பத்திரி வாசலில் பெண்களோடு வெயிலில் காய்ந்தாள். போலீஸ் இழுத்துப் போட்டபோதும் எழுந்து வந்து உட்கார்ந்தாள். "நம்ம உடம்புக்கு நாம ஏன் கூனிக் குறுகணும்?" என்று அவள் மைக்கில் கேட்டபோது, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கை தட்டினார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா வந்தார். பெண்களுக்கென்று தனி அறை வந்தது.

அந்த அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சை இப்போது நினைத்துப் பார்த்தாள். அதில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு முகமும் அவள் தைரியம் சொல்லி அனுப்பிய முகம். கல்யாணமாகாத தன் பெண்ணோடு அந்த முகங்களைத் தாண்டிப் போவதை நினைத்ததுமே அவளுக்கு வியர்த்தது.

"இங்க வேணாம்டி. பஸ் ஏறி வேற ஊருக்குப் போயிடலாம். நாலு பேரு பாப்பாங்க."

"அந்த நாலு பேரையும் அங்க வரவெச்சதே நீதானம்மா."

"வாய மூடு."



பஸ்ஸில் மகளுக்குக் குமட்டியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். "பித்தம். வெயில் ஒத்துக்கல," என்றாள் தையல்காரி முன்சீட்டுக்காரியிடம். முன்சீட்டுக்காரி ஒன்றும் கேட்டிருக்கவில்லை. மகள் வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். தையல்காரி கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அந்த ஊரில் யாருக்கும் அவளைத் தெரியாது. இருந்தும் ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கும் பெண்ணிடம் நாக்கு தானாகவே புரண்டது. "என் அக்கா பொண்ணு. கல்யாணமாயிடுச்சு. வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்காரு."

"நான் அதெல்லாம் கேக்கலையேம்மா," என்று அந்தப் பெண் சீட்டை நீட்டினாள். பக்கத்திலேயே மகள் நின்றிருந்தாள். தையல்காரிக்குக் காது மடல்கள் எரிந்தன. திருத்திச் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் வரிசையில் பின்னால் நின்றவள் முன்னே வந்துவிட்டாள்.

சிறிது நேரத்தில் நர்ஸ் வந்து மகளைக் கூப்பிட்டாள்.

"பயப்படாத. கூட வந்திருக்கறது யாரு, அம்மாவா?"

மகள் திரும்பிப் பார்த்தாள். கோபமோ குத்தலோ எதுவும் அந்த முகத்தில் இல்லை. அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற கவனம் மட்டும் இருந்தது.

"இல்லக்கா. எங்க சித்தி."

"அப்ப அவங்க வெளியவே இருக்கட்டும். அம்மான்னா கூட வரலாம்."

தையல்காரி எழுந்துவிட்டாள். கைப்பையோடு கதவு வரை போய், அங்கேயே நின்றாள். கதவு மூடியது. மங்கலான கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மகளின் உருவம் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, கூந்தலை அள்ளித் தானே முடிந்துகொண்டது.