சாய்ந்து போன கறுப்பு ராஜா

சேக் அலாவுதீன் துணிக்கடைக்காரர், சதுரங்கப் பித்தர். சிங்கப்பூரில் பழகியவர்களைப் பிடித்து, ஒரு வருஷம் அலைந்து, 1985இல் காரைக்காலுக்கு இரண்டு கிராண்ட்மாஸ்டர்களையே வரவழைத்துவிட்டார். வோர்லான், தெமார் என்று பெயர்; பிரெஞ்சுக்காரர்கள். கல்யாண மண்டபத்தில் பந்தயம். உள்ளூர் ஆட்டக்காரர்களும் நாகப்பட்டினம், கும்பகோணத்துக்காரர்களும் அவர்களோடு மோதினார்கள்.

ஆட்டத்தைக் கூட்டத்துக்கு விளக்கும் வேலை பஞ்சநாதனுக்கு. பத்திரப்பதிவு அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களை மொழிபெயர்ப்பவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர். பந்தி போடும் கூடத்துச் சுவரில் பெரிய பலகை மாட்டியிருந்தது. தபால்காரர் கருப்பையன் உள்ளே போய் நகர்த்தலைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வருவார். பஞ்சநாதன் அதைப் பலகையில் வைத்துப் பேசுவார்.

கடைசிச் சுற்றில் வோர்லானும் தெமாரும் மோதினார்கள். ஜெயித்தால்தான் வோர்லானுக்கு முதலிடம். தெமாருக்கு எப்படி முடிந்தாலும் ஒன்றுமில்லை.

அன்று பஞ்சநாதனுக்கு அருள் வந்ததுபோல் இருந்தது. வெள்ளை ஆடிய வோர்லான் குதிரையைக் கொண்டுபோய்க் கறுப்பு ராஜாவின் வாசலில் நின்ற சிப்பாயை வெட்டினார். ராஜா குதிரையைத் தின்றது. ராணி செக் வைத்தது. ராஜா விலகியதும் அதன் பின்னால் ஒளிந்திருந்த யானை விழுந்தது. கூடம் கைதட்டியது. கறுப்பும் சளைக்கவில்லை. அதன் குதிரை ஒரே தாவலில் வெள்ளை ராஜாவையும் யானையையும் சேர்த்துத் தாக்கி யானையைப் பிடுங்கிக்கொண்டது. ஆனால் மூலையில் மாட்டிச் செத்தது. பிறகு எல்லாம் வெட்டுப்பட்டு, கடைசியில் இரண்டு ராஜாக்களும் ஒரே ஒரு வெள்ளைச் சிப்பாயும் மிஞ்சின.

"இனிமே டிராதான்" என்றார் பஞ்சநாதன். "கறுப்பு ராஜா நேரா பின்னாடி ஒரு கட்டம் போனா போதும். வெள்ளை ராஜா எந்தப் பக்கம் வந்தாலும் எதிர்க்க போயி நின்னுக்கலாம். சிப்பாய் ராணியாவ வழியே கெடையாது. சாய்ஞ்சு பக்கத்துல போனாதான் தோல்வி. அப்புடி யாரும் போவ மாட்டாங்க."

கருப்பையன் காகிதத்தைக் கொடுத்தார். ராஜா சாய்ந்து போயிருந்தது.

"தப்பா எழுதிட்டீங்க. திரும்பப் போயி பாருங்க."

"சரியாத்தாங்க சார் எழுதினேன். நேரம் நெறைய இருக்கு, ஆனா அவரு யோசிக்கவே இல்ல. வச்சாரு, கொட்டாவி விட்டாரு."

நாலு நகர்த்தலில் தெமார் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. சதுரங்கம் பழகி ஒரு மாதமானவன்கூடச் செய்யாத பிழை அது.

முகம் கழுவலாம் என்று பஞ்சநாதன் மண்டபத்துக்குப் பின்னால் போனார். கை கழுவும் இடத்தில் இரண்டு பேரும் நின்று பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீ நேராகப் பின்னால் போயிருந்தால் உன்னைக் கொன்றிருப்பேன்" என்றார் வோர்லான்.

"மறப்பேனா? குதிரைப் பலிக்கு எனக்கு நன்றி சொல். லாட்ஜில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தது நான். இந்த மீன்பிடி ஊர்க்காரர்கள் எதைக் காட்டினாலும் கைதட்டுவார்கள்."

அந்தக் குதிரையும் பொய்யா? தொண்டை வறள, ஆனந்தத்தோடு கூவிக்கூவி அவர் விளக்கியதெல்லாம் இரண்டு பேர் பீர் குடித்துக்கொண்டே ஜோடித்ததா? எச்சில் இலையில் கையை வைத்துவிட்டதுபோல் அருவருத்தது.

"ஒத்திகை பிரமாதம்" என்றார் பஞ்சநாதன், பிரெஞ்சில்.

வோர்லான் வெளுத்துப்போனார். தெமார் சிரித்தார். ஈரக்கையைப் பஞ்சநாதனின் தோளில் போட்டு, "எல்லா ஊரிலும் நடப்பதுதான், நண்பரே" என்றார். அந்தக் கையைத் தட்டிவிட்டு நடந்தார் பஞ்சநாதன்.

அலாவுதீன் மேடையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சிறந்த ஆட்டத்துக்கான பரிசும் இந்த ஆட்டத்துக்கே என்று முடிவாகியிருந்தது. பரிசு கொடுக்குமுன் பஞ்சநாதன் அதை மேடையில் இன்னொரு முறை விளக்க வேண்டும். விஷயத்தைக் கேட்டவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லாஹ்! இதுக்கா தம்பி ஒரு வருஷமா அலைஞ்சேன்? இருந்தாலும் விருந்தாளிங்க. மேடையில வச்சுக் கேவலப்படுத்தலாமா?"

"அவங்க நம்மளைக் கேவலப்படுத்தலையா பாய்? நான் விளக்கணும்னா உள்ளதத்தான் விளக்குவேன். வேணாம்னா வேற ஆளைப் பாருங்க."

அலாவுதீன் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, "விளக்குங்க" என்றார்.

பலகையை மேடைக்குத் தூக்கிவந்தார்கள். பஞ்சநாதன் ஆட்டத்தை முதலிலிருந்து காட்டினார். குரலில் பழைய ஏற்றமில்லை. கடைசி நிலை வந்ததும் கறுப்பு ராஜாவை நேராகப் பின்னால் வைத்தார். வெள்ளை எப்படி ஆடினாலும் ஜெயிக்க முடியாது என்பதை ஒவ்வொரு வழியாகக் காட்டினார்.

பட்டினச்சேரி மீனவர் மாரிக்கண்ணு முன்வரிசையில் எழுந்தார். "அப்ப அவரு ஏன் அங்க போவல?"

பஞ்சநாதன் அந்தக் கேள்வியை அப்படியே மைக்கில் பிரெஞ்சில் கேட்டார். தெமார் தோளைக் குலுக்கினார். "களைப்பு" என்றார். அதையும் தமிழில் சொன்னார் பஞ்சநாதன். வேறொன்றும் சேர்க்கவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது; பின்வரிசையில் யாரோ காறித் துப்பினார்கள்.

அலாவுதீன் மைக்கை வாங்கினார். சிறந்த ஆட்டப் பரிசு போலகம் பூமிநாதனுக்கு என்றார். பூமிநாதனின் ஆட்டத்தில் அழகு ஒன்றும் கிடையாது. முதலிலேயே ஒரு யானையைக் கோட்டைவிட்டு, தோற்கிற நிலையில் பொழுதுசாயும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து டிரா பிடித்தவர். நம்ப முடியாமல் வேட்டியைச் சரிசெய்துகொண்டே மேடையேறினார்.

ஆனால் முதல் பரிசுக் கோப்பையை நிறுத்த விதியில் இடமில்லை. வோர்லான் வந்தார், வாங்கினார், கோப்பைக்கு முத்தம் கொடுத்தார். கொஞ்சம் பேர் தட்டினார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் பேர். கூட்டம் முடிந்ததும் கையெழுத்துக்கு வரிசை நின்றது. முன்னால் வோர்லானுக்கு, பக்கத்திலேயே தெமாருக்கும்.

வரிசையில் கருப்பையனைப் பார்த்தார் பஞ்சநாதன்.

"நீங்களுமா?"

"கிராண்ட்மாஸ்டர் கையெழுத்துங்க சார்" என்றார் கருப்பையன், கூச்சத்தோடு. "இனிமே நம்ம ஊருக்கு யாரு வரப்போறா?"

மேடையிலிருந்து பலகையை இறக்கச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். வேறு யாராவது இறக்கிக்கொள்ளட்டும் என்று பஞ்சநாதன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.