பாதையின் மேல் கட்டிய வீடு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஒரு வீட்டுக்குள் நடந்து போனவர்களின் கதை சொல்கிறேன். பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊர் நடுவே பெரிய வெளி ஒன்று கிடந்தது. ஆலை விட்டதும் ஜனங்கள் அதன் குறுக்கே நடந்துதான் வீடு சேர்வார்கள். பிறகு ஆலை மூடியது. ஊர் மட்டும் பெருத்துக்கொண்டே போனது. எல்லோரும் கூடிப் பேசி, பாதியில் வீடு கட்டுவது, மறுபாதியை வெளியாகவே விடுவது என்று முடிவு செய்தார்கள். ஒரு கொத்தனாருக்குப் பங்கில் விழுந்த மனையின் நடுவில் அந்தப் பழைய ஒற்றையடிப் பாதை. மிதிபட்டு மிதிபட்டுக் கல்லாய் இறுகிய மண். அஸ்திவாரத்துக்கு அதிகம் தோண்ட வேண்டாமே என்று மகிழ்ந்து, அதன் மேலேயே வீட்டை எழுப்பிவிட்டார்.

குடிவந்த புதிதில், முன்பு ஆலை விட்ட அதே நேரத்துக்கு, பின்சுவருக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து நிற்பதை அவர் மனைவி கேட்டாள். வழி தேடிச் சுவரைத் தடவும் கைகளின் உரசலையும் கேட்டாள். பின்பக்கம் ஒரு வாசல் வைக்கச் சொல்லி நச்சரித்தாள்.

"காத்துக்குக் கதவு வைக்கிற மொத கொத்தன் நான்தான்டி" என்று சிரித்தபடியே சுவரை இடித்தார் அவர்.

அன்று முதல் பொழுது சாயும்போது இரண்டு கதவையும் திறந்து வைப்பாள். காலடிகள் பின்பக்கம் நுழைந்து, அடுப்பை ஒட்டி நடந்து, முன்வாசல் வழியே வெளியில் இறங்கிக் கரையும். அவர்கள் கால் இடறாமல் குடத்தைக்கூட ஓரமாக நகர்த்தி வைப்பாள்.

அவள் மகன் மாமனார் வீட்டில் ஒண்டிக் கிடந்தான். மருமகள் மாசமாக இருந்தாள். மிச்ச வெளியையும் மனையாக்கலாமா என்று ஊர் மறுபடி கூடியது.

"நீ கை தூக்கினாதாம்மா எனக்கு வீடு."

"அவங்க எங்கடா போவாங்க?"

"யாரும்மா?"

அவள் மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். தூக்கிய கைகளே அதிகம்.

முன்வாசலுக்கு எதிரே மனை பிரித்துச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று சாயங்காலமும் இரண்டு கதவையும் திறந்து வைத்தாள். காலடிகள் வந்தன. அடுப்பைக் கடந்தன. நிலைப்படியில் நின்றுவிட்டன. பின்னாலேயே இன்னும் வந்தன, இன்னும். ஒன்றும் வெளியே இறங்கவில்லை. குடத்துத் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் சுவரோடு ஒட்டி நின்று இடம் விட்டாள்.

"உக்காருங்க" என்றாள் மெல்ல.

உங்கள் வீட்டில் தொட்டில் ஆடட்டும், கண்ணுகளா. உள்ளே வந்தவர்கள் இறங்கிப் போக, உங்கள் வாசலுக்கு எதிரே என்றும் கொஞ்சம் வெளி கிடக்கட்டும்.