உவமைக்குச் சொந்தக்காரன்

தண்ணீர், பனிக்கட்டி, நீராவி. பொருள் ஒன்று, நிலை மூன்று. இந்த உவமையை என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

நான் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் எட்டுக் குப்பிகளில் தண்ணீர் வரும். குளோரின் எவ்வளவு, கலங்கல் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். அவள் வார நாட்களில் மூக்குக் கண்ணாடிக் கடையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியை.

போன வருடம் திரித்துவ ஞாயிற்றுக்கு முந்தின நாள், என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்குத் திரித்துவம்தான் பாடம். பிதா கடவுள், குமாரன் கடவுள், பரிசுத்த ஆவியும் கடவுள். ஆனா மூணு கடவுள் இல்ல, ஒரே கடவுள். இதை அந்த வாண்டுங்களுக்கு எப்படிங்க சொல்றது? எனக்கே இன்னும் பிடிபடல."

"இதுல என்ன இருக்கு? தண்ணிதான் ஐஸு, தண்ணிதான் ஆவி. மூணும் ஒண்ணுதானே?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பரவாயில்லையே! அங்க பாட்டில் கழுவறீங்கன்னுல்ல நினைச்சேன்."

மறுநாள் பிளாஸ்கில் பனிக்கட்டியும் ஒரு மின்கெண்டியும் எடுத்துப் போனாள். கெண்டி மூடியில் ஆவி திரும்பவும் தண்ணீராகி ஒழுகியதைப் பார்த்துப் பிள்ளைகள் கை தட்டினார்களாம். வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் சொன்னார்கள். பெற்றோர் மெச்சிக்கொண்டார்கள். அது பல் டாக்டரின் காதுக்குப் போனது.

பல் டாக்டர் எங்கள் சபைக் கமிட்டியின் உபதலைவர். அஞ்சல் வழியில் இறையியல் படித்தவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் உபதேசத்தில் ஓட்டை இருந்தால் அதை அடைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அடுத்த வாரமே போதகர் அறையில் விசாரணை. கமிட்டி ஏழு பேர். நான் செயலாளர். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைச் சேர்த்திருந்தார்கள். மேசையின் கோடியில் நடவடிக்கைப் புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் எதிரே, தனி நாற்காலியில்.

"ஒரே தண்ணி ஒரே நேரத்துல ஐஸாவும் ஆவியாவும் இருக்குமாம்மா?" என்றார் பல் டாக்டர். "இருக்காதுல்ல? இயேசு ஆத்துல ஞானஸ்நானம் எடுக்கறார். மேல இருந்து பிதா பேசறார். ஆவியானவர் புறா மாதிரி இறங்கறார். மூணு பேரும் ஒரே நேரத்துல. நீங்க சொல்றபடி பாத்தா, ஒரே ஆள் மூணு வேஷம் கட்டி ஆடின நாடகமா ஆயிடுது. இதை சபை அந்தக் காலத்துலயே தள்ளி வெச்சிருச்சு."

அதற்கு எனக்கு ஒரு பதில் தெரியும். ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், தண்ணீரும் பனிக்கட்டியும் ஆவியும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் இருக்கும். மும்மைப் புள்ளி என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். அதிலும் டாக்டர் ஓட்டை கண்டுபிடித்திருப்பார். ஆனாலும் அது ஒரு பதில். நான் தேதிக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"இதை உங்களுக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" போதகர் மெதுவாகத்தான் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடி இருக்கும். நான் நிமிரவில்லை. பார்த்தாள் என்பது மட்டும் தெரிந்தது.

"யாரும் இல்ல பாஸ்டர். நானே யோசிச்சதுதான்."

நான் எழுதினேன்: 'ஆசிரியை தன் சொந்த யோசனையில் தவறான உவமையைப் போதித்ததாக ஒப்புக்கொண்டார்.' சொந்த என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. நான் சேர்த்தேன்.

அவளை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளிடம் விடைபெற ஒரே ஒரு ஞாயிறு கொடுத்தார்கள்.

வீட்டில் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "டாக்டர்கிட்டயே கேட்டேங்க, அப்ப சரியான உவமை எதுன்னு," என்றாள். "அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதாம். அது ரகசியமாம். புரியற மாதிரி சொன்னா தப்பு. தப்பில்லாம சொன்னா புரியாது. அப்ப இத்தனை வருஷமா நாம எல்லாரும் எதைத்தாங்க நம்பினோம்?"

"விடு," என்றேன்.

அவள் விடவில்லை. கடையில் கூட்டமில்லாத மதியங்களில் வேதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது கேள்வி வரும்.

"கடைசி நாள் எப்பன்னு குமாரனுக்கே தெரியாது, பிதாவுக்கு மட்டும்தான் தெரியும்னு இருக்கு. தெரிஞ்சவரும் தெரியாதவரும் எப்படிங்க ஒண்ணாவாங்க? நானும் நீங்களும் ஒண்ணுன்னுதான் கல்யாணத்துல சொன்னாங்க. உங்க மனசுல இருக்கறது எனக்குத் தெரியுதா?"

நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

ஆராதனையில், மூவரையும் நம்புகிறேன் என்கிற விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எல்லோருடனும் எழுந்து நிற்பாள். வாயை மட்டும் திறக்க மாட்டாள். நம்பாததை எப்படிச் சத்தமாகச் சொல்வது என்பாள். பக்கத்தில் நின்று நான் கொஞ்சம் உரக்கச் சொல்வேன், இரண்டு பேருக்கும் சேர்த்து. அவளுடைய அம்மா ஒருநாள் கேட்டார். "மாப்பிள்ளை, நீங்களும் கமிட்டில இருக்கீங்களே, அவளுக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" மீட்டிங் முறை என்று ஒன்று இருக்கிறது அத்தை என்றேன்.

விசாரணை நடந்த எட்டாவது மாதம் அவள் இறந்துபோனாள். மதியம், கடையில், யாருக்கோ கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது. மூளையில் ரத்தக்கசிவு. அடக்க ஆராதனையில் போதகர் அவளை, திரித்துவ தேவனில் அசையாத விசுவாசம் கொண்டிருந்த சகோதரி என்றார். முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு யார் எது கேட்டாலும் சரி என்று சொல்லி வந்தேன். மறுப்பதற்குத் தெம்பு வேண்டும். இந்த வருடமும் திரித்துவ ஞாயிறு வந்தது. அவளுக்குப் பதிலாக வகுப்பு எடுக்கிற அம்மா தன் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். "இந்த ஒரு வாரம் மட்டும் நீங்க பாத்துக்கங்க," என்றார் போதகர். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். சரி என்றேன்.

ஏழு பிள்ளைகள். பின்னால், அவர்களுக்கான குட்டி பெஞ்சில், முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார் பல் டாக்டர். மேற்பார்வையாம். நான் தாளைப் பார்த்து வாசித்தேன். இரண்டாவது பத்தியிலேயே ஒரு கை எழுந்தது. ஓயாமல் கேட்பாள் என்பதால் என் மனைவி கேள்விக்குறி என்று பெயர் வைத்திருந்த பெண்.

"டீச்சர் அங்கிள்." பிள்ளைகள் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். டீச்சரின் வீட்டுக்காரர் என்ற கணக்கில். "நம்ம டீச்சர் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டாங்கன்னு எங்க வீட்ல பேசிக்கறாங்க. நிஜமா அங்கிள்?"

தாளில் அதற்குப் பதில் இல்லை. ஆமாம் என்று சொன்னால் இந்த ஏழு பேருக்கும் அவள் கடைசிவரை அதுதான். தப்பாகச் சொல்லிக் கொடுத்த டீச்சர்.

"உவமை தப்புதான்," என்றேன். "ஆனா அது டீச்சரோடது இல்ல. நான் சொல்லிக் கொடுத்தது."

பின்பெஞ்சு கிறீச்சிட்டது.

"அது தெரியும் அங்கிள்," என்றாள் கேள்விக்குறி.

"என்ன தெரியும்?"

"டீச்சர் ஐஸைக் காட்டும்போதே சொன்னாங்களே. இது எங்க வீட்டு விஞ்ஞானியோட மூளை, கை தட்டுங்கன்னு. நாங்க தட்டினது உங்களுக்குத்தான்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

ஏழு தலைகளும் ஆடின.

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"கடைசியா வந்தப்ப டீச்சர்தான் வேண்டாம்னாங்க. அங்கிள் பாவம், கமிட்டில இருக்கார்னாங்க."

ஒரு வருடமாக இந்தப் பிள்ளைகள் வாசலில் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். அவள் போனபிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். மனைவியை இழந்தவனைப் பார்க்கக் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். காது சுட்டது. தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"சரி அங்கிள், அப்ப எதுதான் சரி?" அவள் விடுவதாக இல்லை.

"எனக்குத் தெரியல. டீச்சரும் கடைசில தெரியலைன்னுதான் சொன்னாங்க."

"தெரியலைன்னு சொன்னா கடவுள் கோவிச்சுப்பாரா?"

"அதுவும் தெரியல. கமிட்டி கோவிச்சுக்கும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் நடைபாதையில் என் தோளில் கை வைத்தார். "தம்பி, நான் எதையும் கேக்கல. போனவங்க போயிட்டாங்க. நீங்க போட்டு மனசைக் குழப்பிக்காதீங்க."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

"அவளை மட்டும் எதுக்கு டாக்டர் உட்கார வெச்சுக் கேட்டீங்க?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். கேட்டபிறகுதான் உறைத்தது. கேட்டவர் அவர். எழுதியவன் நான். அந்தக் கேள்வியை அவர்மேல் தள்ள எனக்கு என்ன யோக்கியதை?

ஆராதனைக்குப் பிறகு கமிட்டி கூடியது. முதல் பொருளாக ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தேன். போன வருடக் குறிப்பைத் திருத்த வேண்டும் என்று. காரணத்தையும் சொன்னேன்.

"பாஸ் ஆன குறிப்பு," என்றார் போதகர். "அதை இப்பக் கிளறணுமா? அவங்க நல்ல விசுவாசியாப் போய்ச் சேர்ந்தாங்க."

"இல்ல பாஸ்டர். திரித்துவத்தை அவ நம்பல. நம்ப முடியலைன்னு என்கிட்ட சொல்லிட்டே இருந்தா. நீங்க அடக்கத்துல சொன்னதும் சரியில்ல. நான் தலையாட்டினதும் சரியில்ல."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. தீர்மானத்தை வழிமொழியறவங்க யாராவது இருக்கீங்களா?"

ஒருவர் நகத்தைப் பார்த்தார். பல் டாக்டர் தன் முன்னிருந்த தாளில் ஏதோ ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும். கோபம் வரவில்லை.

"அப்ப அடுத்த பொருள். கூரைக் கசிவு."

நான் பேனாவைத் திறந்தேன்.

"அதையும் எழுதணுமா?" போதகர் கேட்டார்.

"விழுந்த தீர்மானத்தையும் முழுசா எழுதணும் பாஸ்டர். அதுதான் முறை."

எழுதினேன்: 'மேற்படி உவமை ஆசிரியையுடையது அல்ல, செயலாளர் சொல்லிக் கொடுத்தது, விசாரணையில் செயலாளர் அதை மறைத்தார். அவ்வாறு குறிப்பைத் திருத்தச் செயலாளர் முன்மொழிந்தார். வழிமொழிய ஆளில்லை.'

நான்கு வரி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

அதற்குக் கீழே கூரைக் கசிவைப் பற்றி எழுதத் தொடங்கினேன்.