முருகன் தூக்கிப்போன கால்

அழகுசுந்தரம் செட்டியார் பொய் சொல்கிறார் என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. என்ன பொய் என்றுதான் தெரியவில்லை.

நான் நாகஜோதி. காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்த்துக்கொண்டே சிறுநீரக வைத்தியம் படிக்கிறேன். எங்கள் படிப்பில் முதலில் கேட்கச் சொல்வது இதுதான்: இந்தக் கிட்னி நேற்றுக் கெட்டதா, நெடுநாளாகக் கெட்டதா? நெடுநாள் நோய் என்றால் ஸ்கேனில் பெரும்பாலும் வற்றல் மாதிரி சுருங்கியிருக்கும். நேற்றுக் கெட்டது சுருங்காது. காரணத்தைப் பிடித்துவிட்டால் அநேகமாக மீண்டுவிடும்.

செட்டியாருக்குக் கிரியாட்டினின் ஆறு. ரத்தத்தில் தேங்குகிற கழிவின் கணக்கு அது, ஒன்றையொட்டி இருக்கவேண்டும். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்துபோய்த் திரும்பிய கையோடு வாந்தி, சிறுநீரும் குறைந்துவிட்டது. ஸ்கேனில் இரண்டு கிட்னியும் ஆளைப் போலவே கொழுகொழுவென்று இருந்தன. எனக்கு உயிர் வந்தது.

"வழியில வலி மாத்திரை ஏதும் போட்டீகளா ஐயா?"

"முருகன் தூக்கிட்டுப் போனான் ஆத்தா. கால் தரையில படவே இல்லை. மாத்திரை எதுக்கு?"

போர்வையை விலக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. முருகன் தூக்கிய லட்சணம்! காவடிக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். கால் வலிக்கிறது என்ற இளவட்டங்களை, "பக்தி குறைஞ்சா வலிக்கத்தான் செய்யும்" என்று விரட்டியவராம். அவர் மனைவி கண்ணம்மை ஆச்சிதான் பெருமையாகச் சொன்னார்.

காரணம் பிடிபடாததால், மறுநாள் காலையில் முதுகுப் பக்கம் ஊசி செலுத்திக் கிட்னியில் துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். உள்ளே ரத்தம் கசிகிற ஆபத்து உண்டு. எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை.

விடிந்ததும் வார்டு வாசலில் ஆச்சி நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"வெறும் வயித்தோடதான் வந்திருக்கேன். ரத்தம் வேணுங்கிற மட்டும் எடுத்துப் பாருங்க. கிட்னி மட்டும் வலது பக்கத்துல எடுங்க. இடது பக்கம் ஒருக்களிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

துளி சதை எடுப்பதைக் கிட்னி மாற்றுவது என்று நினைத்துவிட்டார்; அவரிடம் யாரும் கிட்னி கேட்கவே இல்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

"ஆச்சி பேசினது காதுல விழுந்துச்சா ஐயா?" என்று செட்டியார் கட்டிலருகே போய்க் கேட்டேன்.

செட்டியார் சுவரைப் பார்த்துப் படுத்தார். "கதவைச் சாத்து ஆத்தா" என்றார்.

சாத்தினேன்.

"சிங்கம்புணரி தாண்டும்போதே மூட்டு பிடிச்சிருச்சு. காலையும் ராத்திரியும் வலி மாத்திரைதான். ஒதுங்க இடமில்லைன்னு தண்ணியும் குடிக்கலை. காவடிக்காரன் வலின்னு சொல்லலாமா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் திருப்பத்தூர்ச் சம்சாரி வீட்டுப் பொண்ணு, வெள்ளாமை தெரியும். நீங்க தண்ணியும் குடிக்காம, கண்மாய் மடையையும் அடைச்சிருக்கீக. அந்த மாத்திரை கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைக்கும். நல்லவேளை, பயிர் வாடித்தான் இருக்கு, காயலை."

ஊசிப் பரிசோதனையைக் கைவிட்டோம். மாத்திரையை விலக்கி, உடம்பில் வற்றிய நீரை அளவறிந்து ஏற்றினோம். சிறுநீர் பெருகியது, கிரியாட்டினின் இறங்கியது. எண்ணைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பரீட்சையில் பாஸான சந்தோஷம்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று ஆச்சி கேட்டார்: "அப்ப என் கிட்னி வேணாமா?"

"வேணாம் ஆச்சி."

செட்டியார் செருமினார். "கண்ணம்மை, என்னை முருகன் தூக்கலை. மாத்திரைதான் தூக்குச்சு."

"தெரியும். வேட்டி துவைக்கயிலே மடியில மாத்திரை அட்டை இருந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சுமா சொல்லலை? கிட்னியைக் குடுக்க வந்து நின்னீகளே, இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"கிட்னி என்னோடது ஆத்தா, குடுக்கலாம். மானம் அவுகளோடது. அதை நான் எப்படி எடுத்துக் குடுக்க?"

செட்டியார் எழுந்து, ஆச்சி கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். உரிந்த காலோடு, "வலிக்குது கண்ணம்மை, மெதுவாப் போவோம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.